பாடம் 4: எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்

ஊர் திரும்பிய குடும்பங்களுக்கான வியாபார ஆங்கிலம்

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் உங்களால்:

- இணையச் சந்தை விளம்பரம் ஒன்றை வாசித்து, சொல்லப்பட்ட விலை எதற்கான விலை என்று அறிய முடியும்.
- உங்கள் பொருளுக்கு ஒரு சிறு ஆங்கில விளம்பரம் தயாரிக்க முடியும்.
- வாங்குபவருக்குக் குறுகிய ஆங்கில வசனங்களில் பதில் சொல்ல முடியும்.
- வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் காசு வந்ததா போனதா என்று பிரித்தறிய முடியும்.

ஏன் இந்தப் பாடம்?

காணி துப்புரவாக்கி, கிணறு இறைத்து, கூரையும் போட்டாயிற்று. இனி உழைப்புக்கு என்ன வழி என்பதுதான் திருக்கேதீஸ்வரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் திரும்பிய குடும்பங்கள் பலவற்றின் அடுத்த கேள்வி. நம்மிடம் விற்கப் பொருள் இருக்கிறது. கரையோரத்தில் கருவாடும் நண்டும், பனங்காணிகளில் பனங்கட்டியும் ஒடியலும் ஓலைப்பெட்டியும், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் நெல்லும் உண்டு. வாங்க வேண்டிய பொருள்களும் இருக்கின்றன: நீர் இறைக்கும் இயந்திரம், தையல் இயந்திரம், வலை, மோட்டார் சைக்கிள்.

விற்பவரும் வாங்குபவரும் இன்று கைத்தொலைபேசிக்குள் சந்திக்கிறார்கள். இக்மன், டராஸ், ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் அப்படியான சந்தைகள்தாம். அங்கே தமிழில் எழுதுபவர்கள் இருந்தாலும், விலையையும் நிபந்தனையையும் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன.

நாம் எல்லோரும் செய்யும் ஒரு பிழை உண்டு. எண்ணை உடனே வாசித்துவிடுவோம். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லை விட்டுவிடுவோம். காசு போவது அந்தச் சொல்லில்தான். ஆகவே இந்தப் பாடத்தில் இலக்கணம் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் சொற்கள் மட்டுமே உண்டு. மிச்ச ஆங்கிலத்தை ஆறுதலாகப் படிக்கலாம்.

இது நம் இடத்துக்குப் புதிய வேலையும் அல்ல. திருக்கேதீஸ்வரம் இருக்கும் மாந்தைதான் பழைய மாதோட்டத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை இங்கு நடந்த அகழாய்வில் சீன நாட்டுப் பீங்கானும் மேற்காசிய நாடுகளின் மட்பாண்டங்களும் கிடைத்தன. அத்தனை நாட்டாருடன் வியாபாரம் செய்த மாதோட்டத்தார் அவர்களின் மொழியெல்லாம் முழுதாகப் படித்திருக்க முடியாது. அளவு, விலை, கடன், தவணை ஆகியவற்றுக்கான சொற்களையாவது அறிந்திருக்க வேண்டும். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படிக்கும் முறை

சொற்களை அவற்றின் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் நாங்கள் தரும் சொல்லை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதையே ஆங்கில எழுத்தில், பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய பிள்ளைகள் சிலர் அங்கே ஆங்கில வழியில் படித்திருப்பார்கள். அவர்களை ஆசிரியர் ஆக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். மூன்றாம் நாள் பழைய சொற்களைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

பகுதி 1: வாங்கும்போது

கீழே ஒரு மாதிரி விளம்பரம். சத்தமாக வாசியுங்கள்.

"வோட்டர் பம்ப். யூஸ்ட். குட் கண்டிஷன். 28கே. நெகோஷியபிள். நோ வொறண்டி. நோ றிட்டேர்ன். வவுனியா."

இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

யூஸ்ட் – பாவித்த பொருள். புதியது என்றால் பிறாண்ட் நியூ என்று இருக்கும். றீகண்டிஷன்ட் என்றால் பாவித்த பொருளைத் திருத்திப் புதுப்பித்தது. மூன்றும் மூன்று விலை.

குட் கண்டிஷன் – நல்ல நிலையில் உள்ளது. இது விற்பவரின் கருத்து மட்டுமே, உறுதிமொழி அல்ல. இயக்கிப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

28கே – கே என்ற எழுத்து ஆயிரத்தைக் குறிக்கும். 28கே என்றால் 28,000. லக் அல்லது லக்ஸ் என்று வந்தால் இலட்சம். 1 மில்லியன் என்றால் 10 இலட்சம்.

நெகோஷியபிள் – விலை பேசலாம். ஃபிக்ஸ்ட் பிறைஸ் என்றால் பேச இடமில்லை.

நோ வொறண்டி – பழுதானால் திருத்தித் தரும் பொறுப்பு இல்லை.

நோ றிட்டேர்ன் – திருப்பி எடுக்கமாட்டார். நோ றீஃபண்ட் என்றால் காசு திரும்பாது.

இப்போது விளம்பரத்தை மறுபடி வாசியுங்கள். பொருள் பாவித்தது, 28,000 ரூபாய், குறைத்துக் கேட்கலாம், வாங்கிய பின் பழுதானால் நம் பாடு. ஆகவே வவுனியாவுக்கு நேரில் போய், தண்ணீர் ஏறுகிறதா என்று இயக்கிப் பார்த்து, அதன் பிறகே காசு கொடுக்க வேண்டும். இவ்வளவையும் சில சொற்களே சொல்லிவிட்டன.

கவனிக்க வேண்டிய வேறு சில சொற்கள்:

டவுன் பேமன்ற் – முதலில் கட்டும் பகுதிப் பணம். "75கே டவுன் பேமன்ற்" என்றால் 75,000 முழு விலை அல்ல. மீதி தவணையாக வரும். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

ஒன்கோயிங் லீஸ் – வாகனத்தின் மேல் இன்னும் லீசிங் கடன் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள விலையைக் கொடுத்த பிறகும் மீதித் தவணை உங்கள் தலையில் விழும்.

ஓபன் பேப்பர்ஸ் – பதிவில் உள்ள சொந்தக்காரர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்டிருக்கிறார். அந்தக் கடதாசி பல கைகள் மாறி வந்திருக்கலாம். பதிவுப் புத்தகத்தையும் வாகனத்தின் இலக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்ராட்டிங் ஃபிறம் – இந்த விலையில் இருந்து தொடங்கும். காட்டப்படும் எண் மிகக் குறைந்த விலை. நீங்கள் கேட்கும் பொருள் கூடுதலாக இருக்கும்.

அட்வான்ஸ், டெபோசிற் – முற்பணம். பொருளைப் பார்க்காமல் முற்பணம் கேட்டால் நில்லுங்கள். "இஸ் த அட்வான்ஸ் றீஃபண்டபிள்?" என்று எழுதிக் கேளுங்கள். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதே பொருள். பதில் வராவிட்டால் காசும் போக வேண்டாம்.

எல்.கே.ஆர். – இலங்கை ரூபாய். ஐ.என்.ஆர். என்றால் இந்திய ரூபாய். யூ.எஸ்.டி. என்றால் அமெரிக்க டொலர். ஆர்.எஸ். என்று மட்டும் இருந்தால் இரண்டு நாட்டு ரூபாயாகவும் இருக்கலாம். இந்தியாவில் இருக்கும் உறவினர் ஒரு விளம்பரத்தை அனுப்பினால் இதை முதலில் பாருங்கள்.

பகுதி 2: விற்கும்போது

ஒரு குடும்பம் கருவாட்டை அரைக் கிலோ பக்கற்றுகளாகக் கட்டி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கற் 900 ரூபாய். விளம்பரத்தில் "கருவாடு 900" என்று மட்டும் போட்டார்கள். கொழும்புக் கடைக்காரர் ஒருவர், "40 பக்கற்ஸ், 900 பெர் கே.ஜி., ஓகே?" என்று எழுதினார். 900 என்ற எண்ணைப் பார்த்ததும் வீட்டார் "ஓகே" என்று பதில் போட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 40 அரைக் கிலோப் பக்கற் என்றால் 20 கிலோ. கிலோ 900 என்றால் 18,000 ரூபாய். பக்கற் 900 என்றால் 36,000 ரூபாய். எண் ஒன்றுதான். பெர் கே.ஜி. என்ற சொல்லுக்கு விலை 18,000 ரூபாய். கடைக்காரர் ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. அவர் எழுதிக் கேட்டார். இவர்கள் ஓகே சொன்னார்கள்.

ஆகவே விற்கும்போது விலையைத் தனியே விடாதீர்கள். அதன் பக்கத்தில் அளவுச் சொல்லை நீங்களே போடுங்கள்.

பெர் கே.ஜி. – ஒரு கிலோவுக்கு.
பெர் பக்கற் – ஒரு பக்கற்றுக்கு.
ஈச் – ஒவ்வொன்றும். "ஓலைப்பெட்டி 450 ஈச்" என்றால் ஒரு பெட்டி 450.
பெர் டசின் – 12க்கு.
ஹோல்சேல் – மொத்த விலை. றீட்டெயில் – சில்லறை விலை.
மினிமம் ஓடர் – குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும்.
நெற் வெயிற் – பொதியை நீக்கிப் பொருளின் நிறை மட்டும். க்றோஸ் வெயிற் – பொதியோடு சேர்ந்த நிறை. கருவாட்டுப் பெட்டியை நிறுக்கும்போது எந்த நிறை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.
இன் ஸ்டொக் – கைவசம் உள்ளது. அவுட் ஒஃப் ஸ்டொக் – முடிந்துவிட்டது. இல்லாத பொருளை இருப்பதாகப் போட்டு வைத்தால் வாங்குபவரின் நம்பிக்கை போய்விடும்.
டெலிவறி சார்ஜ் – அனுப்பும் செலவு. எக்ஸ்குளூடிங் டெலிவறி என்றால் அனுப்பும் செலவு விலையில் சேரவில்லை. இன்குளூடிங் டெலிவறி என்றால் சேர்ந்துவிட்டது. ஃப்றீ டெலிவறி என்று நீங்கள் எழுதினால் அந்தச் செலவு உங்கள் இலாபத்தில் இருந்தே போகும்.
கொமிஷன் – இணையச் சந்தை தனக்கு எடுக்கும் பங்கு. விலை போடுமுன் இது எவ்வளவு என்று பார்த்துக் கழியுங்கள்.

இனி அந்தக் கருவாட்டு விளம்பரத்தைத் திருத்துவோம்:

"டிறைட் ஃபிஷ் ஃபிறம் மன்னார். நெற் வெயிற் 500 க்றாம். 900 எல்.கே.ஆர். பெர் பக்கற். எக்ஸ்குளூடிங் டெலிவறி. மினிமம் ஓடர் 5 பக்கற்ஸ்."

இதைப் பார்த்து உங்கள் பனங்கட்டிக்கோ பெட்டிக்கோ ஒரு விளம்பரம் எழுதுங்கள். பொருள், எங்கிருந்து, அளவு, விலை, விலைக்கான அளவுச் சொல், அனுப்பும் செலவு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். மீன் வகைகளின் பெயரும் சேர்த்தால் நல்லது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் "டிறைட் ஃபிஷ்" என்பதைவிட "கட்டாக் கருவாடு" என்று கண்டால்தான் வாங்குவார்கள். ஆகவே பொருளின் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திலும் போடுங்கள்.

உணவுப் பொருளின் சிட்டை

பொதி செய்த உணவை விற்பதற்கு ஒட்டுச் சிட்டை தேவை. என்னென்ன விபரம் போட வேண்டும் என்று உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே கேளுங்கள். அடிக்கடி வரும் சொற்கள் இவை: இன்கிறீடியன்ற்ஸ் என்றால் சேர்த்த பொருள்கள். எம்.எஃப்.டி. என்றால் செய்த திகதி. ஈ.எக்ஸ்.பி. என்றால் காலாவதியாகும் திகதி. பட்ச் நம்பர் என்றால் ஒரே தடவையில் செய்த பொதிகளுக்கு இடும் இலக்கம். எம்.ஆர்.பி. என்றால் இதற்கு மேல் விற்கக் கூடாத விலை.

திகதியில் ஒரு சிக்கல் உண்டு. 03/04 என்பதை நாம் ஏப்பிரல் 3 என்று வாசிப்போம். அமெரிக்காவில் இருப்பவர் மார்ச் 4 என்று வாசிப்பார். மாதத்தை எழுத்தில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பகுதி 3: வாங்குபவருடன் பேசுவது

இணையத்தில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கீழே உள்ளதை வீட்டில் இருவர் சேர்ந்து வாசித்துப் பழகுங்கள். அம்மா விற்பவர், மகள் வாங்குபவர். பிறகு மாறிக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்: இஸ் திஸ் அவெய்லபிள்? (இது இன்னும் இருக்கிறதா?)
விற்பவர்: யெஸ், அவெய்லபிள். ஹவ் மெனி பக்கற்ஸ்? (இருக்கிறது. எத்தனை பக்கற் வேண்டும்?)
வாங்குபவர்: ட்வென்ரி. லாஸ்ற் பிறைஸ்? (இருபது. கடைசி விலை என்ன?)
விற்பவர்: 900 பெர் பக்கற். ஃபோர் ட்வென்ரி, 850 பெர் பக்கற். (பக்கற் 900. இருபது எடுத்தால் பக்கற் 850.)
வாங்குபவர்: கான் யூ டெலிவர் ரு கொழும்பு? (கொழும்புக்கு அனுப்புவீர்களா?)
விற்பவர்: யெஸ். டெலிவறி சார்ஜ் இஸ் எக்ஸ்ட்றா. (அனுப்புவோம். அந்தச் செலவு வேறு.)
வாங்குபவர்: கேஷ் ஒன் டெலிவறி? (பொருள் கைக்கு வந்ததும் காசு தரலாமா?)
விற்பவர்: ஹாஃப் அட்வான்ஸ், பிளீஸ். பலன்ஸ் ஒன் டெலிவறி. (பாதி முற்பணம் தாருங்கள். மீதியைப் பொருள் வந்ததும் தரலாம்.)

கேஷ் ஒன் டெலிவறியைச் சுருக்கி சீ.ஓ.டி. என்று எழுதுவார்கள். வாங்கும்போது அது நமக்குப் பாதுகாப்பு. விற்கும்போது, வாங்குபவர் பொதியை ஏற்காமல் திருப்பிவிட்டால் போக்குவரத்துச் செலவு நம் கையைக் கடிக்கும். எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்துச் சம்மதியுங்கள்.

விளங்காத சொல் வந்தால் வெட்கம் வேண்டாம். இந்த இரண்டு வசனங்களையும் மனப்பாடம் செய்யுங்கள்:

"ஐ டூ நொற் அண்டர்ஸ்ராண்ட். பிளீஸ் எக்ஸ்பிளெயின்." – எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து விளக்குங்கள்.

"பிளீஸ் கன்ஃபேர்ம் இன் றைட்டிங்." – எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

இரண்டாவது வசனம் மிக முக்கியம். தொலைபேசியில் பேசி முடித்தாலும், அளவு, விலை, திகதி மூன்றையும் ஒரு குறுஞ்செய்தியாக எழுதிப் பதில் வாங்குங்கள். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது. ஆகவே அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

பகுதி 4: காசு வந்ததா, போனதா?

கிறெடிற் என்ற சொல்லைக் கடைகளில் கடன் என்றே அறிந்திருப்போம். "நோ கிறெடிற்" என்றால் கடன் இல்லை. வங்கியில் அதே சொல் வேறு வேலை செய்யும்.

கிறெடிட்டட் – உங்கள் கணக்குக்குக் காசு வந்துவிட்டது.
டெபிட்டட் – உங்கள் கணக்கில் இருந்து காசு போய்விட்டது.
பெண்டிங் – இன்னும் முடியவில்லை. பொருளை அனுப்ப வேண்டாம்.
ஃபெயில்ட் – காசு போய்ச் சேரவில்லை.

வாங்குபவர் காசு போட்டதாக ஒரு படம் அனுப்பலாம். படத்தை யாரும் தயாரிக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்து, காசு வந்திருப்பதை உறுதிசெய்த பிறகே பொதியைக் கட்டுங்கள். "கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை உடனே திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு தடவை பாவிக்கும் இரகசிய இலக்கம். உங்கள் கணக்கின் கதவுத் திறப்பு அது. வங்கியில் இருந்து பேசுகிறோம் என்றாலும், பரிசு விழுந்தது என்றாலும், நிவாரணப் பணம் அனுப்புகிறோம் என்றாலும் யாருக்கும் சொல்லாதீர்கள். காசு பெறுவதற்கு உங்கள் பின் இலக்கத்தை யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை. கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்வது காசு கொடுப்பவரின் வேலை. காசு தருகிறேன் என்று சொல்பவர் உங்களை ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

பற்றுச்சீட்டும் கேளுங்கள். ஆங்கிலத்தில் மூன்று கடதாசிகள் உண்டு. குவொட்டேஷன் என்றால் இவ்வளவு விலை ஆகும் என்று முதலில் தருவது. இன்வொய்ஸ் என்றால் இவ்வளவு தர வேண்டும் என்று கேட்பது. றிசீற் என்றால் காசு பெற்றுக்கொண்டோம் என்பதற்குச் சாட்சி. குவொட்டேஷனையோ இன்வொய்ஸையோ வைத்துக்கொண்டு காசு கட்டியதாக நிறுவ முடியாது. றிசீற்றைக் கவனமாக வையுங்கள்.

பயிற்சி

1. "மோட்டார் பைக். 60கே டவுன் பேமன்ற்." இதன் முழு விலை 60,000 ரூபாயா?
2. "பனங்கட்டி 700 பெர் கே.ஜி., எக்ஸ்குளூடிங் டெலிவறி." 3 கிலோ வாங்குபவர் 2,100 ரூபாய் மட்டும் தந்தால் போதுமா?
3. வங்கிச் செய்தியில் "5,000 டெபிட்டட்" என்று வருகிறது. காசு வந்ததா, போனதா?
4. பெட்டியோடு 11 கிலோ. வெறும் பெட்டி 1 கிலோ. நெற் வெயிற் எவ்வளவு?
5. முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்று எப்படிக் கேட்பீர்கள்?

விடைகள்

1. இல்லை. அது முதற்பணம் மட்டுமே. தவணை பாக்கி உண்டு.
2. போதாது. அனுப்பும் செலவையும் அவர் தர வேண்டும்.
3. போனது. நீங்கள் செலவழிக்கவில்லை என்றால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள்.
4. 10 கிலோ.
5. இஸ் த அட்வான்ஸ் றீஃபண்டபிள்?

உதவி தேவைப்பட்டால்

வியாபாரப் பெயரைப் பதிவதற்கு உங்கள் பிரதேச செயலகத்தை அணுகுங்கள். பனம்பொருள் செய்பவர்கள் பனை அபிவிருத்திச் சபையிடம் பயிற்சி பற்றிக் கேட்கலாம். வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். காசு மோசடி நடந்துவிட்டால் முதலில் வங்கிக்கும், அடுத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் காசை மீட்பதைக் கடினமாக்கும்.

இன்று இரவே கொப்பியில் மூன்று சொற்களை எழுதுங்கள்: நெற் வெயிற், நோ றீஃபண்ட், டெபிட்டட். நாளை ஒரு விளம்பரத்தைத் திறந்து, எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் சொல்லை முதலில் வாசியுங்கள். அதன் பொருள் விளங்கிய பிறகு கையை எடுங்கள்.